விபூதி போட்டுத் துலக்கிய அரை டாலர்

வாசகர் கடிதம் (சுருக்கம்): அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மென்பொருள் வேலையில் இருக்கும் 44 வயது வாசகர் எழுதுகிறார். சென்ற ஆண்டு மகளின் பள்ளித் திட்டத்துக்காக ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனவர், ஆரம்பகால அமெரிக்க வெள்ளி நாணயங்களில் சிக்கிக்கொண்டார். இதுவரை மூன்று வாங்கியிருக்கிறார்: காசுகளுக்குத் தர எண் கொடுக்கும் நிறுவனத்தின் பெட்டியில் அடைத்த, ஏயூ 58 தரமுள்ள (ஏறக்குறையப் புழங்காத) 1827 அரை டாலர், பெட்டியில்லாத, கறுத்துப்போயிருந்த 1834 அரை டாலர், இணைய ஏலத்தில் 900 டாலருக்குக் கிடைத்த, "புத்தம் புதிது போல மின்னும்" 1799 வெள்ளி டாலர். 1834 காசை, ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் பூஜைச் சாமான்களோடு சேர்த்து விபூதி போட்டுத் துலக்கிவிட்டார். இப்போது அது பளபளவென்று இருப்பதால் தரம் கூடியிருக்குமா என்கிறார் வாசகர். நான்காவதாக அவர் பார்த்துவைத்திருக்கும் 1795 அரை டாலரின் முகத்தில் வரிவரியாகக் கீறல்கள். "அது நாணயச்சாலையில் போட்டது" என்று வியாபாரி சொல்வதை அவர் நம்பவில்லை. ஓய்வூதியக் கணக்கில் (ஐஆர்ஏ) இருப்பதிலிருந்து 40,000 டாலரை எடுத்து எம்எஸ் 65-க்கு (புழங்காத காசுகளில் உயர் தரம்) மேற்பட்ட காசுகளை மட்டும் வாங்கி, ஐந்தாண்டு கழித்து விற்று மகளின் கல்லூரிச் செலவைச் சமாளிப்பது அவர் திட்டம். வெள்ளி விலை ஏறுவதால் நஷ்டம் வராது என்று நம்புகிறார். மனைவிக்கு இதில் சம்மதமில்லை. காசுகளைத் திருச்சியில் இருக்கும் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டி, அங்கேயே லாக்கரில் வைக்கலாமா என்றும் கேட்கிறார். கூடவே, கோவையில் இருக்கும் சித்தப்பா ஒரு 1804 டாலர் வைத்திருக்கிறாராம். அதன் மதிப்பு என்ன?

அன்புள்ள வாசகருக்கு,

சித்தப்பாவின் காசிலிருந்து தொடங்குகிறேன், அதற்குப் பதில் சுருக்கமானது. 1804 என்று பொறித்த வெள்ளி டாலர்களில் அறியப்பட்டவை மொத்தம் இருபதுகூட இல்லை. அவற்றில் ஒன்றுகூட 1804-இல் அடித்ததில்லை. சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் அமெரிக்க அரசு பரிசளிப்பதற்காக 1834 வாக்கில் தயாரித்தவை முதல் தொகுதி. மற்றவை அதற்கும் பின்னால் வந்தவை. அநேகமாக ஒவ்வொன்றும் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. கோவையில் இருப்பது அந்த வரிசையில் இன்னொன்றாக இருக்க வாய்ப்பில்லை. ஆசியக் கடைவீதிகளில் இந்தப் போலி வெகுகாலமாக உலவுகிறது. சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் காசுகள்.

துலக்கியதால் தரம் கூடுமா?

கூடாது. மாமியாரைக் கோபிக்கவும் வேண்டாம். வீட்டு வெள்ளியைக் கறுக்க விடாத கை அது. குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்குச் சரியில்லை. காரணத்தைச் சொன்னால் "உயர் தரம்" என்பதன் பொருளும் விளங்கிவிடும்.

அச்சு அழுத்தும்போது வெள்ளி ஒரு கணம் கூழைப் போல நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் மிக நுண்ணிய வரிகளாக மேற்பரப்பில் உறைந்துவிடும். ஒரே ஒரு விளக்கின் கீழ் காசைச் சாய்த்து மெல்லத் திருப்பினால், வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஒளி சுற்றிவரும். இதைத்தான் சேகரிப்பாளர்கள் லஸ்டர் என்கிறார்கள். நான் மினுக்கம் என்பேன். பளபளப்பு வேறு, மினுக்கம் வேறு. விபூதி எவ்வளவு நைசாக இருந்தாலும் உராயும் பொடிதான். அது கறுப்பை எடுக்கும்போது அந்த வரிகளையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. பிறகு மிஞ்சுவது எவர்சில்வர் டம்ளரின் பளபளப்பு: எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரி ஒளிரும், சக்கரம் சுற்றாது. உங்கள் 1834-ஐயும் பெட்டியிலிருக்கும் 1827-ஐயும் ஒரே விளக்கின் கீழ் மாற்றி மாற்றிப் பாருங்கள். நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்த இரண்டு நிமிடம் அதிகம் கற்றுத்தரும்.

இப்போது அதைத் தர நிறுவனத்துக்கு அனுப்பினால் எண் கிடைக்காது. "துலக்கப்பட்டது" என்ற குறிப்போடுதான் திரும்பி வரும். மீண்டும் கறுக்கவைக்க இணையத்தில் ஏதேதோ வைத்தியம் சொல்வார்கள், ஒன்றையும் முயலாதீர்கள். செயற்கையாக ஏற்றிய நிறம் இன்னொரு குற்றமாகப் பதிவாகும். 1834-இல் அரை டாலர்கள் 64 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டன. இதே ஆண்டில் நல்ல காசு இன்னொன்று கிடைக்கும். இனி எந்தக் காசிலாவது பசைபோலப் பச்சையாக ஏதாவது ஒட்டியிருந்தால், அது பழைய பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்ததாக இருக்கலாம். சுத்தமான அசிட்டோனில் நனைத்து, தேய்க்காமல் எடுத்து, தானாக உலரவிடுங்கள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

கறுப்பைக் கண்டு பயப்படாதீர்கள் என்றும் சொல்லவேண்டும். எரிக் நியூமன் என்ற பெரிய சேகரிப்பாளரின் காசுகள் 2013 முதல் ஏலத்துக்கு வந்தன. பல பத்தாண்டுகள் காகித உறைகளில் கிடந்து நீலமும் ஊதாவும் பழுப்புமாக நிறம் ஏறியிருந்த காசுகளுக்கு அங்கே பெரும் போட்டி. அந்த நிறத்தோலுக்கு அடியில் மினுக்கம் சக்கரமாகச் சுற்றுகிறதா என்பதுதான் கேள்வி. சுற்றினால் அந்தத் தோல்தான் இத்தனை காலம் யாரும் அதைத் துலக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

கீறலா, அரம் போட்ட தடமா?

1795 அரை டாலர் விஷயத்தில் வியாபாரி சொல்வது நிஜமாக இருக்கலாம். உங்கள் சந்தேகத்திலும் தவறில்லை. இதே கதையைச் சொல்லிக் கீறல் விழுந்த காசை விற்பவர்களும் உண்டு.

1792 ஏப்ரல் 2-ஆம் தேதிச் சட்டப்படி பிலடெல்பியாவில் நாணயச்சாலை அமைந்தது. ஒரு டாலரில் இத்தனை வெள்ளி, இத்தனை எடை என்று அந்தச் சட்டமே வரையறுத்தது: டாலருக்கு 26.96 கிராம், அரை டாலருக்கு 13.48 கிராம். தொடக்கத்தில் வெள்ளி நாணயமே அடிக்க முடியவில்லை. தலைமை நாணயக்காரர் ஹென்றி வாய்க்டும் மதிப்பீட்டாளர் ஆல்பியன் காக்ஸும் ஆளுக்கு 10,000 டாலர் பிணை கட்டினால்தான் வெள்ளியைத் தொடலாம் என்றது சட்டம். அவர்களிடம் அவ்வளவு ஏது? பிணையைக் குறைத்த பிறகு, 1794 அக்டோபரில்தான் முதல் 1,758 டாலர்கள் வெளியே வந்தன. அடிக்கப்படும் வெள்ளி பெரும்பாலும் அரசுடையதும் அல்ல. வணிகர்களும் வங்கிகளும் கொண்டுவந்து கொடுத்தது. அதனால் எடை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எடை கூடுதலாக இருந்த வில்லையை, அதாவது இன்னும் அச்சடிக்காத வெள்ளி வட்டத்தை, அரத்தால் ராவி எடையைச் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தார்கள். குறைந்த எடையைச் சரிக்கட்ட, நடுவில் ஒரு சிறு வெள்ளித் துண்டைச் செருகி அடித்த 1795 டாலர்கள்கூட இருக்கின்றன.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அரம் போட்டது அச்சடிக்கும் முன்பு. அச்சின் அழுத்தம் நன்றாகப் பட்ட சமதளத்தில் அந்த வரிகள் நசுங்கி மங்கியிருக்கும்; அழுத்தம் போதாத இடங்களில், அதாவது உருவத்தின் மிக உயர்ந்த பகுதியிலும் விளிம்பிலும், தங்கி நிற்கும். பிற்காலக் கீறலோ உருவம், சமதளம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போகும்; உழவுச் சாலின் கரை போல இருபுறமும் உலோகம் மேலெழும்பி நிற்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும். அரத் தடம்தான் என்றால் தர நிறுவனங்கள் பொதுவாக அதைச் சேதமாகக் கணக்கிடுவதில்லை. ஆனால் காசில் இருக்கும் லிபர்ட்டி என்ற பெண்ணுருவின் முகத்தில் குறுக்கே ஓடினால் பார்க்க நன்றாயிராது, விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். வியாபாரி முழு விலை கேட்டால் பேரம் பேசுங்கள்.

1799 டாலர்: இதுதான் எனக்குக் கவலை

1799-இல் நான்கு லட்சத்துக்கும் மேல் டாலர்கள் அடிக்கப்பட்டன. அந்த வகையில் எளிதாகக் கிடைப்பது இந்த ஆண்டுதான். போலி செய்பவர்களும் இதைத்தான் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். உண்மையான 1799 டாலர், புழங்காத நிலையில், பெட்டியோடு பத்தாயிரம் டாலருக்கும் மேல் போகும். நன்றாகத் தேய்ந்த காசே 900 டாலருக்குக் கிடைப்பது அரிது. "புத்தம் புதிது போல" ஒன்று அந்த விலைக்கு வந்தது என்றால் விற்றவர் ஏமாளியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவர். முதலாவது மிக அபூர்வம்.

முதலில் விளிம்பைப் பாருங்கள். இக்கால நாணயம் போல வரிவரியாக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. அசலில் "ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்" என்ற எழுத்துகள் அலங்காரக் குறிகளோடு விளிம்பைச் சுற்றி ஓடும். அடுத்தது எடை. இவ்வளவு புதிதாக இருக்கும் காசு 26.96 கிராமை ஒட்டியே நிற்கவேண்டும். இரண்டு மூன்று கிராம் குறைந்தால் கதை முடிந்தது. எடை சரியாக இருந்தாலும் நிம்மதி அடையாதீர்கள், இப்போதைய போலிகள் நல்ல வெள்ளியிலேயே வருகின்றன. கடைசிச் சோதனை அச்சு ஒப்பீடு. அக்காலத்தில் ஒவ்வொரு அச்சிலும் நட்சத்திரங்களையும் எழுத்துகளையும் கையால்தான் குத்தினார்கள். இரண்டு அச்சு ஒன்றுபோல் இராது. 1799-க்கு எந்தெந்த அச்சு இணைகள் (முன்பக்க, பின்பக்க அச்சுகளின் ஜோடிகள்) உண்டு என்பது முழுவதும் பதிவாகியிருக்கிறது. உங்கள் காசு எந்த இணையோடும் பொருந்தவில்லை என்றால் அது பிலடெல்பியாவில் பிறக்கவில்லை.

போலி என்று தெரிந்தால் உரிமைகள் உங்கள் பக்கம். ஏலத் தளத்தின் பணத் திருப்பக் கெடுவை இன்றே பாருங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை முதலில் வந்த பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். நகல் நாணயத்தில் "காப்பி" என்று பொறித்திருக்கவேண்டும் என்பது 1973 முதல் அமெரிக்கச் சட்டம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நட்டத்தை ஈடுகட்ட இன்னொருவரிடம் தள்ளிவிடாதீர்கள். போலி என்று தெரிந்து விற்றால் அன்றிலிருந்து மோசடிக்காரர் நீங்கள்.

எம்எஸ் 65 மட்டும்தானா?

1 முதல் 70 வரையிலான இந்த அளவுகோலை 1949-இல் வில்லியம் ஷெல்டன் பழைய செப்புக் காசுகளுக்காக உருவாக்கினார். தரத்தையும் விலையையும் ஒரு வாய்ப்பாட்டில் அடக்கலாம் என்பது அவர் எண்ணம். அது பிறகு எல்லா நாணயத்துக்கும் பரவிவிட்டது. 1980-களின் நடுவில் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள் வந்து காசைப் பெட்டியில் அடைத்து எண் கொடுத்தன. எண் பயனுள்ளதுதான். ஆனால் அது ஒருநாள் சிலர் சொன்ன கருத்து. அவர்களே அடுத்த முறை வேறு எண் சொல்வதுண்டு. நான் பார்த்தவரை, அமிலத்தில் முக்கி வெளுப்பாக்கிய எம்எஸ் 62 காசைவிட, கன்னத்தில் மட்டும் லேசாக உரசல் பட்ட, தோல் கலையாத ஏயூ 58 எவ்வளவோ அழகு. உங்கள் 1827-ஐ நீங்கள் எம்எஸ் 65-க்குப் போகும் படிக்கட்டாக நினைக்கிறீர்கள். மூன்று காசில் நீங்கள் நன்றாக வாங்கியது அது ஒன்றுதான்.

ஏன் அரை டாலர்களில் மட்டும் இவ்வளவு நல்ல காசுகள் மிஞ்சின என்பதற்குக் காரணம் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோன புது அமெரிக்க டாலர்களைக் கொஞ்சம் கனமான ஸ்பானிய டாலர்களோடு ஒன்றுக்கு ஒன்றாக மாற்றி, அவற்றைத் திரும்ப நாணயச்சாலையில் கொடுத்து லாபம் பார்த்தார்கள். அடிக்க அடிக்க டாலர் வெளியேறியதால் 1804-இல் அதையே நிறுத்திவிட்டார்கள். அதன்பின் பெரிய வெள்ளிக் காசு அரை டாலர்தான். வங்கிகள் அதைப் பைபையாகக் கட்டிக் கையிருப்பாக வைத்தன; ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் பையாகவே நகர்ந்தது. கடைத்தெருவில் அதிகம் புழங்கவில்லை. அந்தக் கன்ன உரசல் பெரும்பாலும் பைக்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டது.

எனவே என் யோசனை: 1807 முதல் 1836 வரை ஜான் ரைக் வரைந்த அரை டாலர்களை, ஏயூ 55 முதல் 58 வரை, ஆண்டுக்கு ஒன்றாகச் சேருங்கள். 1816 மட்டும் இருக்காது. அந்த ஜனவரியில் நாணயச்சாலையில் தீ விபத்து. 1815 கடினம், அடித்ததே 47,150; அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான ஆண்டுகள் இந்தத் தரத்தில் நூறுகளிலோ, ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டியோ கிடைக்கும்; அதே ஆண்டின் எம்எஸ் 65 பல ஆயிரம். சேர்த்துக்கொண்டே ஓவர்டன் எண்களைப் பழகுங்கள். அல் ஓவர்டன் இந்த அரை டாலர்களின் அச்சு இணைகளை வரிசைப்படுத்தியவர்; 1827-க்கு மட்டும் நாற்பதுக்கும் மேல் வகைகள். அபூர்வ வகை ஒன்று பெட்டியில் குறிக்கப்படாமல் சாதாரண விலையில் கிடக்கும் வாய்ப்பு இந்தத் தொகுதியில் இன்னும் உண்டு. எனக்கு இதில் கொஞ்சம் பைத்தியம் உண்டென்று ஒப்புக்கொள்கிறேன். ஐந்நூறு காசையாவது கையில் சாய்த்துப் பார்த்த பிறகு எம்எஸ் 65 பற்றி யோசியுங்கள்.

ஓய்வூதியப் பணமும் மகளின் கல்லூரியும்

இதில் நான் உங்கள் மனைவி பக்கம்.

ஐஆர்ஏ கணக்கிலிருந்து சேகரிப்புப் பொருள் வாங்கினால், அந்தத் தொகையை நீங்கள் வெளியே எடுத்துவிட்டதாகவே வருமான வரித்துறை கருதும்: வழக்கமான வரி, 59½ வயதுக்கு முன் என்பதால் மேலும் 10 சதவீதம். குறிப்பிட்ட சில புதிய தங்க, வெள்ளிக் காசுகளுக்கு விலக்கு உண்டு. 1827 அரை டாலருக்கு இல்லை. சொந்தச் சேமிப்பில் வாங்கி ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றாலும், பங்குகளுக்குப் போல 15 அல்லது 20 சதவீதத்தோடு நிற்காது. சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி. வாங்கிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பெரிய ஏல நிறுவனங்களில் வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. 5,000 டாலருக்குச் சுத்தியல் விழுந்த காசுக்கு நீங்கள் 6,000 கொடுப்பீர்கள். மறுநாளே அதே 5,000-க்கு விற்றால் ஆயிரம் போச்சு. ஐந்தாண்டு இந்தப் பள்ளத்தை நிரப்பவே போதாமல் போகலாம். வெள்ளி விலை உங்களைக் காப்பாற்றாது: அரை டாலரில் இருக்கும் வெள்ளி 12 கிராம், ஒரு ஜோடிக் கொலுசுக்குக்கூட வராது. நீங்கள் கொடுக்கும் விலை அந்தத் தோலுக்கு. அதை விரும்பும் இன்னொருவர், உங்களுக்குப் பணம் தேவைப்படும் அதே மாதத்தில் வரவேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்கோ கெடுத் தேதி உண்டு. மகளின் பணத்தை இதில் போடாதீர்கள். ஆண்டுக்கு இவ்வளவு என்று மனைவியோடு பேசி ஒரு தொகை வையுங்கள், போனாலும் வீடு அசையாத தொகையாக.

வீட்டுக் காப்பீட்டில் நாணயங்களுக்கான வரம்பு பெரும்பாலும் சில நூறு டாலர்தான். தனிப் பாலிசி தேவை. வங்கி லாக்கரில் வைத்தாலும் வைப்புத்தொகைக் காப்பீடு அதற்குள் இருப்பதைக் காக்காது.

திருச்சிக்குக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். வெள்ளிக் காசு இந்தியச் சுங்கத்தின் வரியில்லா வரம்புக்குள் வராது என்பது ஒன்று. அதைவிடப் பெரியது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம்: நூறாண்டு கடந்த எந்த நாணயமும் அதன்படி தொல்பொருள். இந்தியக் காசு, அயல்நாட்டுக் காசு என்று வரையறை பிரிக்கவில்லை. தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதற்கும் தடை. உள்ளே கொண்டுபோன காசைத் திரும்ப எடுத்துவரும்போது விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரலாம். அப்படியும் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே சுங்க வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் ஆலோசனை பெறுங்கள். இல்லாவிட்டால் நல்ல படங்கள் எடுத்து அனுப்புங்கள். விபூதி பட்ட 1834-ஐ இழப்பது பெரிதில்லை என்று அதை மட்டும் கொண்டுபோகவும் நினைக்காதீர்கள். அதற்கும் சட்டம் அதேதான்.

இப்போதைக்கு முதல் வேலை அந்த 1799. சமையலறைத் தராசு உதவாது. நகைக்கடையில் இருப்பது போல 0.01 கிராம் காட்டும் தராசில் வைத்து எடையையும், விளிம்பு முழுவதும் தெரியும்படி நான்கு படங்களையும் இந்த வாரமே அனுப்புங்கள். பணத் திருப்பக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.